இலங்கைக் காட்டுக்கோழி

இலங்கைத் தீவில் மட்டுமே இயற்கையாக வாழ்வதும், அத்தீவின் தேசியப் பறவை என்னும் அந்தஸ்தைப் பெற்றிருப்பதும், மயில், கௌதாரி, காடை முதலியவற்றோடு ஃபேசியானிடே என்னும் பெருங்குடும்பத்தில் வைத்து எண்ணப்படுவதுமான பட்சி. இதன் சாஸ்திரப் பெயர் காலஸ் லஃபாயெட்டியை. சிங்கள மக்கள் சேவலை வலி குக்குளா என்றும் பெட்டையை வலி கிகிளி என்றும் அழைப்பர்; மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் தமிழரிடையே காட்டுச்சேவல், காட்டுக்கோழி என்னும் பெயர்களே வழக்கு. தீவின் பல பாகங்களிலும் இது காணப்படுமாயினும், இதன் வாழ்க்கையை முழுமையாக அறிய விரும்புவோர்க்கு ஊவா மாகாணத்தைப் போல் உகந்த பிரதேசம் வேறில்லை; மொனராகலைப் பக்கத்து வறண்ட தாழ்நிலக் காடு தொடங்கி, பதுளைக்குத் தெற்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலையின் பனி படர்ந்த சோலை வரை, இப்பட்சி உறையும் நிலவகைகள் பலவும் அங்கே ஒரு நாட் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

சேவல் 66 முதல் 73 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். தொலைவில் நின்று காண்போர் கண்ணுக்கு அது செம்மையும் கருமையுமான ஒரு கோழியாகவே தோன்றும். அருகிலிருந்து நோக்கும் பாக்கியம் வாய்த்தவர்க்கே அதன் வர்ணங்களின் நுட்பம் புலனாகும். கழுத்திலிருந்து முதுகின் மேல் வழிந்து விழும் இறகுகள் ஒடுங்கி நீண்டு, பொன்னிறமான விளிம்பும் நடுவே ஓடும் கரிய கோடுமாக அமைந்திருக்கின்றன. மார்பின் இறகுகளும் அவ்வாறே ஈட்டிமுனை போல் கூர்ந்து செம்மஞ்சள் நிறம் கொண்டிருப்பதே இந்த ஜாதியின் தலையாய அடையாளமாகும். ஏனெனில், வடஇந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள சிவப்புக் காட்டுக்கோழியின் சேவலுக்கு மார்பு கறுத்தே இருக்கும். சிறகும் வாலும் கருமையானவை எனினும், இளவெயில் சாய்ந்து விழும் வேளையில் அக்கருமைக்குள்ளிருந்து ஊதாவும் நீலமும் மாறிமாறி மின்னுவதைக் காணலாம். முகமும் தொண்டையும் இறகின்றிச் சிவந்த தோலாயிருக்க, அதன் கீழெல்லையில் ஊதா நிறத்ததாய் ஒரு சிறு திட்டு அமைந்துள்ளது. கொண்டையோ விளிம்பெல்லாம் செக்கச் சிவந்து நடுவில் மட்டும் மஞ்சள் பூத்தது. காட்டுக்கோழி ஜாதிகள் நான்கினுள்ளும் இத்தகைய கொண்டை வேறொன்றுக்கும் இல்லை. சிவப்புக் காட்டுச்சேவல் இனப்பெருக்க காலம் கழிந்ததும் பொன்மயமான கழுத்திறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் மங்கிய கோலத்தில் திரியும். இலங்கைச் சேவலுக்கு அவ்வாறு ஒளி குன்றும் பருவம் கிடையாது.

பெட்டையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள், அது நியாயமன்று. ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் நீளமே உடைய அச்சிறு பறவை, சருகும் மண்ணும் நிழலும் கலந்த காட்டுத் தரையின் நிறத்தையே தன் மேனியில் வாங்கிக்கொண்டது போலத் தவிட்டுநிற முதுகும், கரும்பட்டைகள் குறுக்கே ஓடும் சிறகும், வெண்மையில் கருவிளிம்பு இட்ட மார்பும் வயிறுமாக அமைந்து, அடைகாக்கும் நாட்களில் சில அடி தூரத்தில் நடந்து செல்வோர் கண்ணுக்கும் அகப்படாதபடி அசைவற்று அமர்ந்திருக்க வல்லது. சேவலின் வர்ணம் பெட்டையை நோக்கிப் பேசுவது. பெட்டையின் வர்ணமோ கீரி, நரி, காட்டுப்பூனை, இராசாளி ஆகிய பகைகள் அனைத்தின் கண்ணிலிருந்தும் குஞ்சை மறைத்து வளர்ப்பது. அழகென்று எதைச் சொல்வது என்று கேட்டால், சேவலின் பகட்டுக்கு இணையாகவே பெட்டையின் இந்த மறைவழகையும் சொல்லவேண்டும் என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

வடிவத்தால் வீட்டுக் கோழியை எவ்வளவு ஒத்திருப்பினும், குரலால் இது முற்றும் வேறானது. வீட்டுச்சேவல் நீட்டி முழக்கிக் கூவி இறுதியில் இழுத்து முடிக்கும். காட்டுச்சேவலோ ஒரு குற்றொலியை முதலில் வைத்து, அதன்பின் இரண்டு அசைகளை உயர்ந்த சுருதியில் வெட்டினாற்போல் எழுப்பிச் சட்டென நிறுத்திவிடும். ஆங்கிலேயர் சிலர் காதுக்கு அது ‘ஜோர்ஜ் ஜோய்ஸ்’ என்று ஒரு மனிதனைப் பெயர் சொல்லி அழைப்பதாகவே கேட்டது. தோட்டங்களில் பெரட்டு என்னும் காலை ஆட்கணக்குக்குத் தப்பு அடிக்கும் முன்னரே, தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டிலிருந்து ஒரு சேவல் இவ்வாறு கூவ, பள்ளத்துக்கு அப்பாலிருந்து மற்றொன்று எதிர்கூவ, விடியும் வரை அந்த வாதம் நடந்துகொண்டே இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சேவல்களும் அதே வேளையில் கூவுமாயினும், தோட்டத்தில் பிறந்த குழந்தை கூட இரண்டையும் ஒன்றென்று மயங்குவதில்லை. இக்குரல் வேறுபாடு சாஸ்திர சரித்திரத்திலும் முக்கியமானதோர் இடத்தைப் பெற்றது.

இந்த ஜாதிக்கு ஐரோப்பியச் சாஸ்திர முறைப்படி பெயரிட்டவர் பிரெஞ்சு தேசத்துக் கப்பல் வைத்தியரும் இயற்கை நூலறிஞருமான ரெனே பிரிமவேர் லெஸ்ஸோன், ஆண்டு 1831. அமெரிக்க விடுதலைப் போரில் வாளேந்தியவரும், அதற்கு முந்திய ஆண்டில் பாரிஸ் நகரத்து ஜூலைப் புரட்சியில் முதுமையிலும் முன்னணியில் நின்றவருமான லஃபாயெட் பிரபுவைக் கௌரவித்து அவர் இப்பெயரைச் சூட்டினார். இலங்கையில் கால் வைத்தே அறியாத ஒரு பிரெஞ்சு வீரரின் நாமம் இத்தீவின் காட்டுப் பறவைக்கு வாய்த்தது அக்காலத்து ஐரோப்பாவின் உணர்ச்சிப் பெருக்கைக் காட்டுகிறது. சில காலம் ஆங்கில நூல்களில் இது காலஸ் ஸ்டான்லியி என்ற வேறு பெயராலும் வழங்கியது. கொழும்பில் பிறந்து படை வைத்தியராகப் பணிபுரிந்த ஈ. எஃப். கெலார்ட், 1852இல் வெளியான தமது நூலில் இலங்கையின் பிராணிகளை முதன்முறையாக ஒழுங்குபடுத்தித் தொகுத்தார். பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த டபிள்யூ. வி. லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட பெருநூலோ இலங்கைப் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கெல்லாம் அஸ்திவாரமாக விளங்குவது. அமெரிக்கரான வில்லியம் பீப் உலகின் ஃபெசன்ட் பறவைகளையெல்லாம் அவற்றின் சொந்த வனங்களிலேயே காண வேண்டுமென்று புறப்பட்ட யாத்திரையில் இலங்கைக்கும் வந்து, 1918 முதல் 1922 வரை நான்கு பாகங்களாக வெளிவந்த தம் நூலில் இக்கோழிக்கும் இடமளித்தார். இவர்களுக்குப் பின், இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்பு நூதனசாலையில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட பறவைக் கையேடு, தம் கைப்பட வரைந்த சித்திரங்களோடு இப்பட்சியைச் சாதாரண வாசகரின் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

வீட்டுக் கோழியின் மூதாதை யார் என்னும் வினாவை டார்வின் 1868இல் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக ஆராய்ந்தபோது, இலங்கையின் காட்டுக்கோழியையும் ஒரு வேட்பாளராக நிறுத்தி விசாரித்தார். இலங்கைப் பறவைகளை நன்கறிந்த லேயார்ட், கெலார்ட் ஆகிய இருவரும், குரல் மட்டும் இவ்வளவு விபரீதமாக வேறுபடாதிருந்தால் இதனையே வீட்டுக் கோழியின் மூலமாகக் கருதியிருப்போம் என்று அவருக்குத் தெரிவித்தனர். வளர்ப்புப் பிராணிகளின் நிறமும் உருவமும் மனிதன் கையில் மாறிக்கொண்டே போகும். குரல் அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே டார்வின் சிவப்புக் காட்டுக்கோழியையே மூதாதையென்று தீர்மானித்தார். அத்தீர்மானம் பெரும்பாலும் இன்றும் நிலைத்து நிற்கிறது. புறத்தோற்றத்தில் சிவப்புக் காட்டுக்கோழியை ஒத்திருப்பினும், மரபணு ஆராய்ச்சியின்படி இதற்கு நெருங்கிய உறவு தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியே ஆகும். சங்க நூல்களில் கானங்கோழியென்று முல்லை நிலத்தோடு சேர்த்துப் பாடப்படும் பட்சி அந்தச் சாம்பல் இனமாகவே இருத்தல் கூடும். மதுரை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே ஊவாவுக்கு ஏறி வந்த தொழிலாளரின் முன்னோர், அங்கே நிறம் மாறி நின்ற தங்கள் நாட்டுக் கானக்கோழியின் உடன்பிறப்பையே கண்டனர் என்று சொன்னால் அது வெறும் கற்பனையாகாது.

அவர்கள் வந்தபோது ஊவாவின் மலைச்சரிவுகள் மாறத் தொடங்கியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன; கோப்பிச் செடியை அழித்த இலை நோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் பதுளை ஜில்லாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே; அதன்பின் அந்நிலங்களைத் தேயிலை நிறைத்தது. இவ்வாறு ஒரு மலைத்தொடரின் பெருங்காடு பெரும்பாலும் மனிதர் ஆயுள் ஒன்றிரண்டுக்குள் மறைந்துபோன பிரதேசத்தில், பெருங்காட்டையே நம்பிய பறவைகள் சிதைந்தொழிய, காட்டுக்கோழி மட்டும் அழியாது நிலைத்ததற்குக் காரணம் அதன் சுபாவத்திலேயே அமைந்திருக்கிறது. அது அடர்ந்த காட்டின் நடுவை விரும்புவதினும் அதன் ஓரத்தையே விரும்புவது. விடியலிலும் அந்தியிலும் வெளியிடத்துக்கு வந்து கிளறி மேயும். ஆபத்து நேர்ந்தால் இரண்டு தாவலில் புதருக்குள் புகுந்துவிடும். இரவில் மரக்கிளையில் ஏறி உறங்கும். இம்மூன்றுக்கும் வேண்டியது வெளி, புதர், மரம் ஆகியவை அடுத்தடுத்து இருத்தலே. ஊவாவின் தோட்டங்களில், உச்சிகளில் விடப்பட்ட காடும், ஓடைகளின் இருகரையிலும் செங்குத்தான பள்ளங்களிலும் கோடரி எட்டாமல் தப்பிய காட்டுத் துண்டுகளும், மானாப்புல் மூடிய பத்தனைச் சரிவுகளும் தேயிலையோடு பின்னிக் கிடப்பதால், அந்த மூன்றும் இன்னும் ஒருவாறு கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறை, நமுனுகுலை ஆகிய பகுதிகளின் மேல்மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இதனை அடிக்கடி காண்பவர்கள். தேயிலை நிரைகளுக்கு நடுவே, சருகு ஈரமாய்க் கிடக்கும் இடத்தில், இது ஒரு காலால் இரு முறை, மறு காலால் ஒரு முறை என்று மண்ணைப் பின்னே தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவ்விடத்தை உற்று நோக்கி, பின்னரே கொத்தும். கறையான், பூரான், வண்டுப் புழு ஆகியவை அகப்பட்டால் விடாது; விதையும் உதிர்ந்த பழமும் இளந்தளிரும் அன்றாட ஆகாரம். கவ்வாத்து வெட்டிய மலையில் மறைவின்மையால் அது பல மாதம் நடமாடுவதில்லை. செடி மீண்டும் தழைத்துக் கவிந்த பின் வந்து சேரும். ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தங்கமலைச் சரணாலயத்துக் காட்டோரப் பாதையும், ஓஹியவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் வீதியும் பயணிகள் இதனை எளிதாகக் காணத்தக்க இடங்கள்.

இனப்பெருக்கம் ஆண்டின் எம்மாதத்திலும் நிகழக்கூடுமெனினும், பெப்ரவரி முதல் மே வரையுள்ள காலமே பிரதானமானது. கூடு பெரும்பாலும் மரத்தடியிலோ வீழ்ந்த மரத்தின் ஒதுக்கிலோ தரையைச் சிறிது பறித்துச் சருகிட்டதாக இருக்கும். சில பெட்டைகள் தரையை நம்பாமல், வேறு பறவைகளோ அணிலோ கைவிட்ட கூட்டில் ஏறி முட்டையிடுவதும் உண்டு. முட்டை 2 முதல் 4 வரை. பாலேட்டின் நிறத்தில் ஊதாவும் தவிடுமான புள்ளிகள் தெறித்தவை. அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 20 நாட்கள். நாட்டுக் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இடுவதோடு ஒப்பிட்டால் இத்தொகை எவ்வளவு சிறிதென்பது விளங்கும். ஒரு கூட்டைக் கீரி அழித்தால் அந்த ஈட்டுக் குடும்பமே இல்லாது போகும். குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே தாயின் பின்னே ஓடத் தொடங்கும்.

மேல்மலைகளில் இப்பட்சிக்கு ஒரு பெருவிழாக் காலமும் உண்டு. சோலைகளின் கீழடுக்கில் மண்டி வளரும் நெலு என்னும் செடி, தமிழ்நாட்டு மலைகளின் குறிஞ்சிக்கு மிக நெருங்கிய இனம். அதுவும் குறிஞ்சியைப் போலவே நெடுங்காலம் பூவாதிருந்து, சில வகைகள் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மலை முழுவதும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து மடிந்துவிடும். தேனுக்காக வண்டுகள் திரள்வது போல் விதைக்காகக் காட்டுக்கோழிகள் பல திசையிலிருந்தும் அம்மலைகளில் வந்து கூடும். அவ்விதையை மிகுதியாகத் தின்ற கோழிகள் மயங்கித் தடுமாறுமென்றும், அவற்றின் கண் மங்கிவிடுமென்றும், அந்நாட்களில் தடியாலேயே அவற்றை அடித்து வீழ்த்தலாமென்றும் பழைய வேட்டைக்காரர் கூறிவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் தங்கி வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் நூலிலும் நெலுவைப் பற்றிய செய்தி இடம் பெற்றிருக்கிறது.

ஊவாவின் கீழ்ப்பாகம் வேறோர் உலகம். பிபிலை, வெல்லவாய, புத்தல ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வறண்ட காட்டிலும், சேனைப் பயிர் செய்வோர் குரக்கன் விதைத்து அறுத்துவிட்டுச் சென்ற திடல்களிலும், யாலக் காட்டின் மணற்பாதைகளிலும் காட்டுக்கோழி மலைப்பகுதியைக் காட்டிலும் மிகுதி. மனிதரைக் கண்டு அஞ்சுவதும் அங்கே குறைவு. கதிர்காமம் இருப்பதும் இம்மாகாணத்திலேயே. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலுமிருந்து குமண, யாலக் காடுகளினூடே பாதயாத்திரையாக வரும் முருக பக்தர்கள், மாணிக்க கங்கையை அடையுமுன் வழி நெடுகக் காட்டுச்சேவலின் கூவலைக் கேட்டே நடக்கின்றனர். சூரபன்மனின் உடல் பிளவுண்டு ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் ஆயிற்றென்றும், ஒன்றை வாகனமாகவும் மற்றதைக் கொடியாகவும் முருகப்பெருமான் ஏற்றருளினாரென்றும் புராணம் கூறும். பறவை நூலார் மயிலையும் சேவலையும் ஒரே குடும்பத்தில் வைத்துப் பேசுவதும், அவ்விரு பறவைகளும் கதிர்காமத்துக் காட்டில் ஒரே திடலில் மேய்வதும் பக்தர் நெஞ்சுக்கு இனிய செய்தியாகும்.

மனிதன் இக்கோழியைத் தின்னத் தொடங்கியது தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே. இலங்கையின் கற்கால மாந்தர் வாழ்ந்த குகைகளில் மரை, பன்றி முதலியவற்றின் எலும்போடு காட்டுக்கோழியின் எலும்பும் கிடைத்துள்ளது. ஆயினும் துப்பாக்கி வந்த பின் நேர்ந்த அழிவு வேறு வகையானது. பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்று, 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் காலத்தில், கோழியைச் சுடுவதை ஒரு பொருட்டாக எவரும் கருதியிருக்கமாட்டார்கள். நூற்றாண்டின் இறுதியிலே, காடும் விலங்கும் கண்முன் குறைந்து வருவதைக் கண்ட துரைமார்களும் வேட்டைக்காரர்களுமே 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இப்பாதுகாப்புக்குப் பின்னர் ஆதாரமாயிற்று. இப்பட்சி உறையும் ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இக்காட்டுக்கோழி இன்று கவலைக்குரிய நிலையில் வைக்கப்படவில்லை. ஆயினும் கண்ணியும் வலையும் காட்டோரங்களில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதனினும் பெரிது, தோட்டங்களின் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் மிஞ்சிய காட்டுத் துண்டுகள் விறகுக்கும் மரக்கறிப் பயிருக்குமாகக் கரைந்து வருவது. அவை ஒவ்வொன்றும் சிறியனவாகையால் அவற்றின் இழப்பைக் கணக்கில் எடுப்போர் அரியர். தோட்டத்துக் காட்டுச்சேவல்களுக்கோ உறங்கும் மரமும் ஒளியும் புதரும் அந்தத் துண்டுகளில்தான் உள்ளன.

காட்டோரத்து லயங்களில் நாட்டுக் கோழி வளர்ப்போர் அறிந்த மற்றொரு செய்தியும் உண்டு. காட்டுச்சேவல் விடியலில் தோட்டம் வரை இறங்கி வந்து வீட்டுப் பெட்டைகளோடு சேரும். இவ்வழக்கம் டார்வினின் நூலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்விதம் பிறந்த சேவல் ஒன்றையும் பெட்டை ஒன்றையும் மிட்ஃபோர்ட் என்பவர் சோதித்து, இரண்டும் மலடென்று கண்டதாகவும், இரண்டும் காட்டுத் தந்தையின் விசித்திரமான குரலையே பெற்றிருந்ததாகவும் டார்வின் எழுதினார். அந்த மலட்டுத்தன்மை எல்லாக் கலப்புக்கும் பொருந்துவதன்று என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008இல் அறியப்பட்டது. 2020இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வோ, வளர்ப்புக் கோழியின் உடலில் சாம்பல் இனத்தின் பங்கு கணிசமாகவும், இலங்கை இனத்தின் பங்கு மிகச் சிறிதளவாகவும் கலந்திருப்பதைக் காட்டியது.